என் அப்பாவுக்கு ட்யூன் வராது

மே 11, 2009. திங்கள்

உள்ளே வந்து நான்கு நாளாகிறது. ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் வருகிறது, வெளியே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. தவளைச் சத்தத்தையும் சுவர் ஈரத்தையும் வைத்து, மலையடிவாரத்து விருந்தினர் மாளிகை என்று ஊகிக்கலாம். வரும்போது பேருந்தில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார்கள்.

கைபேசியை உறையில் போட்டு முத்திரை வைத்தாயிற்று. இந்த நோட்டும் அவர்கள் கொடுத்ததுதான். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறது. கிழிக்கக் கூடாது. ஜூன் 8 மாலை ஐந்து மணிக்கு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் கடைசித் தாள் முடிந்ததும், பாதுகாப்பு அதிகாரி கெங் இதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். புரட்டட்டும். படிப்பது அவருடைய வேலை.

அதுவரை கேள்வித்தாள் தயாரிக்கும் நாங்கள் யாரும் வெளியே போக முடியாது. சமையல்காரர்களும்தான். குப்பைகூடப் போகாது, பின்கட்டில் குவிந்து நாறத் தொடங்கிவிட்டது.

அப்பாவிடம் ‘ஒரு மாதப் பயிற்சி’ என்று சொல்லிவிட்டு வந்தேன். “நல்லா கத்துக்கிட்டு வா” என்றார். நாற்பத்தொன்பது வயதில் இவளுக்கு என்ன பயிற்சி என்று கேட்கவில்லை.

மே 12

மழை. சத்தம் மட்டும்.

மே 14, வியாழன்

ஆங்கிலத் தாளில் விடுபட்ட இடங்களை நிரப்பும் பத்தியை எதைப் பற்றி எழுதுவது என்று காலையிலிருந்து பேச்சு. இருபது இடங்கள், முப்பது மதிப்பெண். சென்ற ஆண்டு விசுவாசமான நாய் ஒன்றைப் பற்றிப் போட்டிருந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு ஊனமுற்ற ஓட்டக்காரர். குழுத் தலைவர் துவானுக்கு இந்த முறை கண்ணீர் வேண்டாமாம்.

“ஒரு சொல்லைப் பத்தியே எழுதினா என்ன?” என்று கேட்டேன். ‘ட்யூன்’ என்ற சொல்லைச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் இருபது வருடமாக இதே சொல்லில் இடறுவதைப் பார்க்கிறேன். அவர்கள் மனப்பாடம் செய்த பட்டியலில் அதற்கு நேராக ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்: மெட்டு. ஆங்கிலக்காரன் ஒருவன் ‘அவர் ட்யூனை மாற்றிக்கொண்டார்’ என்றால், வேறு பாட்டு பாடினார் என்று நினைப்பார்கள். நேற்று ஒன்று சொல்லி இன்று தலைகீழாகப் பேசுகிறார் என்று அதற்கு அர்த்தம். ‘ட்யூனைச் சொல்பவர்’ என்றால் பாட்டு வாத்தியார் அல்ல, வீட்டிலோ அலுவலகத்திலோ யார் பேச்சு எடுபடுகிறதோ அவர். வயலின் சுருதி விலகினாலும் அதே சொல், மனிதன் காலத்தோடு ஒட்டாமல் போனாலும் அதே சொல். யாரோ பேசிக்கொண்டிருக்க நாம் காதை மூடாமலே கேட்காமல் இருப்பதற்கும் இதையே வைத்து ஒரு வழக்கு உண்டு.

ஃபாங் அக்கா என் அறைத்தோழி. மாவட்ட மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் பாடம் எடுத்தவர். அவர் உடனே பிடித்துக்கொண்டார். “நம்ம பசங்க அகராதில முதல் வரியத் தாண்டி எவன் படிச்சான்? போடுங்க, நல்லா மாட்டட்டும்.”

பெய் சார் எங்களில் இளையவர், நாற்பதுகூட ஆகவில்லை. “ட்யூனைச் சொல்றவர் உதாரணத்துக்கு துவான் சாரையே போட்டுடலாம். நாம ஒத்து ஊதுறவங்க” என்றார்.

துவான் சிரிக்கவில்லை. “ஊதுங்க. ஆனா சுருதியோட ஊதுங்க” என்றார்.

பத்தியை எழுதும் வேலை எனக்கு.

மே 17, ஞாயிறு

ஞாயிறுதோறும் கெங் எல்லார் வீட்டுக்கும் போன் செய்கிறார். பிறகு கதவைத் தட்டி, ஆளுக்கு ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு வந்த வரி: “வீட்டுல எல்லாரும் நலம். அப்பா நல்லா சாப்பிடறாராம்.”

அண்ணனின் வரி இது. நல்லா சாப்பிடறார் என்று சொல்ல வேண்டும் என நாங்கள் இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டது. அம்மாவிடம் சொல்வதற்காக உண்டாக்கிய வரி, இப்போது எனக்கே வருகிறது. உண்மையா பொய்யா என்று கெங்கின் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

மார்ச்சில் ஈரலில் கட்டி என்றார்கள். மூன்றிலிருந்து ஆறு மாதம். மருத்துவமனையில் சேர்த்த அப்பாவிடம் பழைய ஈரல் அழற்சி, ஓய்வெடுத்தால் சரியாகும் என்று சொன்னோம். அம்மாவுக்கு இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவளிடமும் அதையே சொல்லி, பழைய வீட்டைப் பூட்டி அண்ணன் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். நோயாளியிடம் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், என்ன பிள்ளைகள் என்று ஊர் பேசும்.

மார்ச், ஏப்ரல், மே, ஜூன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் இங்கே வந்தேன்.

மே 20, புதன்

பத்தி முடிந்தது. இருநூற்று நாற்பது சொற்கள். ஆங்கிலம் படிக்கும் ஒரு மாணவி தன்மையில் சொல்கிறாள். முதலில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்று நினைக்கிறாள். பிறகு ஒவ்வொன்றாக இடறி விழுகிறாள். நடுவில் ஓர் இடத்தில் ‘ட்யூனைத் தூக்கிச் செல்லத் தெரியாதவர்’ என்ற வழக்கு வர வேண்டும். எவ்வளவு பாடினாலும் மெட்டு ஒட்டாதவர் என்று பொருள். யாரை வைத்துச் சொல்வது?

‘என் அப்பாவுக்கு ட்யூன் வராது. ஆனாலும் சவரம் செய்யும்போது தினமும் பாடுகிறார்.’

யோசிக்காமல் வந்துவிட்டது. அப்பா ஆற்று நீர்மட்டம் அளக்கும் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் சொல்வார். பாட்டு மட்டும் அளவுக்கு அடங்காது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்குவார்; நடுவில் தொண்டை எட்டாது; நிறுத்தி, இருமி, கீழேயிருந்து மறுபடி தொடங்குவார். கன்னத்தில் நுரை அப்படியே இருக்கும்.

ஃபாங் அக்கா படித்துவிட்டு, “இந்த இடம் உயிரா இருக்கு. மத்ததெல்லாம் கேள்வித்தாள்” என்றார்.

மே 21

கழித்த தாள்களை எண்ணி எரித்தார்கள். பதினேழு. சாட்சிக் கையெழுத்து நான்.

மே 24, ஞாயிறு

“எல்லாரும் நலம். அப்பா நல்லா சாப்பிடறாராம்.”

தாளின் வரிசையில் நாற்பத்து மூன்றாம் எண் பெற்ற இடத்துக்காக துவானோடு இரண்டு மணி நேரம். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இரண்டு பொருந்துகின்றன என்கிறார். இல்லை என்கிறேன். அவர் மேசையைத் தட்டினார்.

“ரெண்டு விடையும் சரின்னு ஆச்சுன்னா, நாலு லட்சம் பிள்ளைங்களோட அப்பா அம்மா என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, நிங் டீச்சர். உங்க வாசல்ல இல்ல.”

“பத்தியைச் சரியாப் படிச்சா ஒண்ணுதான் பொருந்தும், சார்.”

“எவன் சரியாப் படிக்கிறான்? பரீட்சை ஹால்ல வேர்த்து ஊத்தும். மாத்துங்க.”

மாற்றினேன். இந்த மனிதரோடு இது மூன்றாவது ஆண்டு. ஒரு காற்புள்ளிகூட விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவரைத் தலைவராகப் போடுகிறார்கள். அதனால்தான் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதையும் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது.

மே 28, வியாழன்

டிராகன் படகுத் திருநாள். சமையல்கட்டில் மூங்கில் இலையில் மடித்த பசையரிசிக் கொழுக்கட்டை செய்தார்கள், உப்பு முட்டைக் கரு வைத்தது. ஃபாங் அக்கா மூன்று சாப்பிட்டுவிட்டு, “வயித்துல கல்லு கட்டின மாதிரி இருக்கு. இன்னொண்ணு இருக்கா?” என்றார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. ஏன் என்று கேட்டார். சொன்னேன். இங்கே வந்து யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

மருந்துப் புட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தது. வைட்டமின் புட்டிகளின் லேபிளை அரிசிப் பசையால் ஒட்டியது. ஸ்கேன் அறிக்கைக்குப் பதில் நல்ல அறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்தது — அதைச் செய்தது நான். எனக்கு இரண்டு மொழியிலும் நன்றாக எழுத வரும். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார். பிறகு மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நாங்களும் இதேதான் பண்ணோம், என் மாமனாருக்கு” என்றார் ஃபாங் அக்கா. “கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாம நிம்மதியாப் போனார் மனுஷன்.”

தெரியாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. அவர் நல்லவர்.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. இந்த ஆண்டு என்னால் வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு கடிதம் போதும். நான் எழுதவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து ‘நிறம் நல்லா தெளிஞ்சிருக்குப்பா’ என்று சொல்வதிலிருந்து ஒரு மாதம் தப்பிக்க வேண்டும் போலிருந்தது. கெங் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

மே 31, ஞாயிறு

கெங் வந்தார். “வீட்டுல எல்லாரும் நலம்.” அவ்வளவுதான். சாப்பிடறாராம் என்பது இல்லை.

“வேற ஏதாவது சொன்னாங்களா?”

“இல்லீங்க டீச்சர். உடம்பைப் பாத்துக்கச் சொன்னாங்க.”

அண்ணன் வாழ்நாளில் என்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதில்லை.

ஜூன் 1, திங்கள்

துவான் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லாரும் இருக்கும்போதே, கேள்வித்தாள் படியைப் புரட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “இந்த ட்யூன் பத்தியில, அப்பான்னு வருது பாருங்க. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்னு மாத்திடலாமா?”

“ஏன் சார்?”

“இல்ல... அப்பா இல்லாத பிள்ளைங்க எத்தனையோ பேர் எழுதுவாங்க. படிச்சா மனசு கஷ்டப்படும்.”

“பக்கத்து வீட்டுக்காரர் இல்லாத பிள்ளைங்களுக்கு?” என்றேன்.

சாதாரணமாக பெய் சார் இதற்கு முதல் ஆளாகச் சிரித்திருப்பார். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஃபாங் அக்கா எழுந்து போய், நிறைந்திருந்த கோப்பையில் வெந்நீர் ஊற்றினார்.

“அப்பாவே இருக்கட்டும் சார்” என்றேன்.

“சரி, சரி. இருக்கட்டும் டீச்சர். உங்க இஷ்டம்.”

உங்க இஷ்டம். மூன்று ஆண்டில் ஒரு காற்புள்ளிக்குக்கூட அவர் சொல்லாத வார்த்தை.

ஜூன் 2, செவ்வாய்

மதியம் எனக்கு மட்டும் முட்டை அவியல். உறுதியில்லாத கடைசி இரண்டு கேள்விகளை என்னிடமிருந்து வாங்கி பெய் சாருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெய் சார் என் வெந்நீர்க் குடுவையை மாடி வரை தூக்கி வந்தார். நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. உடனே வேறொரு பேச்சு, கொஞ்சம் அதிக உற்சாகத்தோடு, தொடங்குகிறது.

இந்த வேலை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் செய்தேன். கட்டிலருகே போகும் முன் முகத்தை வழித்துவிட்டுக்கொள்வது, கேட்காத நல்ல செய்தியைச் சொல்வது, பிடித்த சாப்பாட்டைத் திடீரென்று செய்து போடுவது, சண்டைக்காரர்கள் எல்லாம் ஒரே நாளில் சாதுவாகிவிடுவது. இவர்கள் என்னைவிட மோசமாகச் செய்கிறார்கள்.

அப்பா.

என்றைக்கு? சனியா, ஞாயிறா? யார் பக்கத்தில் இருந்தார்கள்? கடைசிச் சட்டை யார் போட்டுவிட்டது? வேண்டாம். இதை எழுத வேண்டாம்.

ஜூன் 3, புதன்

ஏன் கேட்காமல் இருக்கிறேன்?

கெங்கின் அறை கீழ்த்தளத்தில்தான். இருபது படி. போய், என் அப்பா இறந்துவிட்டாரா என்று கேட்டால், அவர் இல்லை என்று சொல்லியாக வேண்டும். என் முகத்துக்கு நேரே பொய் சொன்ன மனிதராக ஆகிவிடுவார். ஆமாம் என்று சொன்னாலும் கதவு திறக்காது. கேள்விகள் என் தலைக்குள் இருக்கின்றன. தலையை இங்கே வைத்துவிட்டுப் போக முடியாது.

மாலை முற்றத்தில் நடக்கும்போது ஃபாங் அக்கா என் கையைப் பிடித்தார். “நிங் டீச்சர், நான் ஒண்ணு...” என்று தொடங்கினார். கண் கலங்கியிருந்தது.

“குப்பை நாத்தம் தாங்கல அக்கா, உள்ள போலாம்” என்றேன்.

அவருடைய தோள் இறங்கியது. தன் சுமையை நான் வாங்கிக்கொண்ட மாதிரி நன்றியோடு என்னைப் பார்த்தார். பொய் சொல்லும் அவருக்கு நான் உதவி செய்தேன். அப்போதுதான் — அறைக்கு வந்து கால் கழுவும்போது — அப்பா ஒரு முறைகூட என்னிடம் எதையும் கேட்கவில்லை என்பது உறைத்தது. எனக்கு என்ன நோய், எப்போது வீட்டுக்குப் போகலாம், இந்த மருந்து எதற்கு? எதுவும் இல்லை. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்றுதான் கேட்பார். நான் சொன்னதும் ‘சரி, சரி’ என்பார்.

முப்பத்தைந்து வருடம் அளவுகோலைப் படித்தவர். நான் தட்டச்சு செய்த அறிக்கையை ஏன் மூன்று முறை படித்தார்?

ஜூன் 5, வெள்ளி

இறுதிப் படியில் கையெழுத்துப் போட்டேன். அப்பா இருக்கிறார், பாடுகிறார்.

ஜூன் 8, திங்கள்

மூன்றிலிருந்து ஐந்து வரை சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.  நான்கு லட்சம் பேர் இப்போது அந்த வரியைப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து மணிக்கு மணி அடித்தது. கெங் நோட்டைப் புரட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். “மன்னிச்சிடுங்க டீச்சர்” என்றார்.  எல்லாம் இந்த நோட்டில் இருந்தது; படித்திருப்பார்.

வாசலில் அண்ணன். சட்டைக் கையில் துக்கத்துக்கான கறுப்புத் துணி.

“தெரியும்” என்றேன்.

அவன் அங்கேயே, மற்றவர்களின் குடும்பங்கள் பூவும் பழமுமாக நிற்கும் இடத்தில், குந்தி உட்கார்ந்து அழுதான்.

ஜூன் 9, செவ்வாய்

மே 30, சனிக்கிழமை, காலை ஆறரை. எரியூட்டியது ஜூன் முதல் தேதி. பக்கத்து வீட்டுக்காரர் என்று மாற்றலாமா என்று துவான் கேட்ட அதே காலை.

“நான்தான் அந்த அதிகாரிகிட்ட, உன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னேன்” என்றான் அண்ணன். “சொல்லி என்ன ஆகப்போவுது? உன்னை வெளிய விடமாட்டாங்க. உள்ளயே சுவத்துல முட்டிக்கிட்டு நிப்ப. அப்பாவே சொன்னார். எட்டாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் அவ வெளிய வருவா, நடுவுல எது நடந்தாலும் தொந்தரவு பண்ணாதீங்கன்னார்.”

“எப்ப சொன்னார்?”

“அவர் போறதுக்கு முந்தின வாரம்.”

“அவர்கிட்ட பயிற்சின்னுதானே சொல்லியிருந்தோம்?”

அண்ணன் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். வேகத்தைக் குறைத்தான். “ஆமால்ல” என்றான்.

நடுவில் எது நடந்தாலும். அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் எங்கே போகிறேன் என்பது, அவர் எங்கே போகிறார் என்பது. இரண்டு மாதம் அந்தக் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆற்று நீர்மட்டம் பேசினோம்.

இன்னொன்றும் சொன்னான். அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவை மாகாணத் தலைநகர் பெரிய மருத்துவமனைக்கு மாற்றியதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொண்டையில் குழாய், போனில் பேச முடியாது.

“எத்தனை நாளுக்கு?”

“அம்மா இதயம் கொஞ்சம் தேறட்டும். நீ அப்பாவைப் பாத்துட்டு வந்தேன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.”

ஜூன் 11, வியாழன்

சொன்னேன். பார்த்துவிட்டு வந்தேன் என்றேன்.

“சாப்பிடறாரா?”

“சாப்பிடறார், குழாய் வழியா கஞ்சி.”

“நிறம்?”

“தெளிஞ்சிருக்கு.”

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். ஜாடியிலிருந்து காராமணி ஊறுகாயை எடுத்துப் புட்டியில் அடைத்தாள். “ஆஸ்பத்திரிக் கஞ்சி சப்புன்னு இருக்கும். குழாயை எடுத்ததும் ஒரு வாய் குடு. உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன், டாக்டர் கேட்டா சொல்லு.”

கீழே வந்ததும் புட்டியை அண்ணனிடம் கொடுத்தேன். கார் டிக்கியைத் திறந்தான். அதே மாதிரி நான்கு புட்டிகள் இருந்தன.

“எறிய மனசு வரல” என்றான்.

ஜூன் 12

செய்தித்தாளில் கேள்வித்தாள் வந்திருக்கிறது. நாற்பத்து மூன்றாம் இடம் மிகச் சுலபமாம்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன் வெளியே போயிருந்தான். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அம்மா அப்பாவின் கோடைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள், அடுத்த முறை போகும்போது எடுத்துப் போக வேண்டுமாம். நான் மாத்திரையை முதலில் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு சொன்னேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. “அம்மா, அப்பா போயிட்டார்” என்றேன்.

சட்டையைக் கீழே வைக்கவில்லை. கையை நீவிவிட்டு மடித்து முடித்தாள்.

“என்னைக்கு?”

“போன மாசம் முப்பது. சனிக்கிழமை காலைல.”

விரலால் எண்ணினாள். நான் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“சனிக்கிழமை” என்றாள். “அன்னைக்கு நான் மூணாவது மாடில மாஜோங் காய் ஆடப் போனேன். உங்க அண்ணிதான் போங்க போங்கன்னு அனுப்பி வச்சா. ஜெயிச்சேன். நாலு ஆட்டம். எல்லாரும் கைதட்டினாங்க. சிரிச்சேன்டி. அவர் அங்க பொணமா கிடக்கறப்ப நான் வாயத் தொறந்து சிரிச்சேன்.”

“உனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாதுதான். யாரு தெரியாம வச்சது?”

பிறகு, ஏழேழு நாளாக நாற்பத்தொன்பது நாள் வரை இறந்தவருக்குச் செய்யும் சடங்குகளை எண்ணினாள். “ரெண்டு ஏழு போயிடுச்சு. மொத ஏழாம் நாள் வீட்டுக்கு வந்திருப்பார். பழைய வீடு பூட்டிக் கெடந்திருக்கும். வெளக்கு இல்ல, ஒரு கிண்ணம் சோறு இல்ல. இருட்டுல தட்டித் தடவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். அம்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவ எங்க போய்த் தொலைஞ்சான்னு நினைச்சிருப்பார்.”

ஏழாம் நாள் ஆவி வீடு திரும்பும் என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனால் பூட்டிய கதவு முன் அப்பா நிற்பது எனக்கும் தெரிந்தது.

அவள் என்னை அறையவில்லை. அறைந்திருந்தால் பரவாயில்லை. “அன்னைக்கு நிறம் தெளிஞ்சிருக்குன்னு சொன்னியே. என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியே. எப்படிடி வந்துச்சு உனக்கு?” என்றாள்.

பழகிவிட்டது அம்மா. இதைச் சொல்லவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

விடியற்காலை அம்மாவுக்கு நெஞ்சு வலி. மருத்துவமனை. அண்ணன் என்னை வார்டு வாசலிலேயே நிறுத்தினான்.

“படிச்சவ இல்ல நீ? உண்மை, உண்மைன்னு... அப்பாகிட்ட வாயத் திறக்க உனக்குத் துப்பு இல்ல. அந்த அறிக்கையை டைப் அடிச்சது யாரு? இப்ப அம்மாகிட்ட வந்து தைரியம் காட்டற. அவங்க போயிட்டா நீதான் கொன்னன்னு சொல்லுவேன். ஊருக்கே சொல்லுவேன்.”

ஒவ்வொரு சொல்லும் சரி. 

ஜூன் 17

இருக்கிறாள். பேசுவதில்லை.

ஜூன் 21, ஞாயிறு

அம்மாவை அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வர மாட்டேன் என்றாள். என் வீட்டுக்கா என்றால், “உன் மேல பாசம் பொங்கி வரல. ஆனா அங்க இனிமே ஒரு சோத்துப் பருக்கையக்கூட நம்பிச் சாப்பிட முடியாது” என்றாள். தனியாக வாழ்ந்து பழகிய இரண்டறை வீடு. என் புத்தகங்களை இறக்கிவிட்டு அவளுக்குக் கட்டில் போட்டேன். அண்ணன் பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனான். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 30

துவான் போன் செய்தார். ‘ட்யூன்’ பத்தி நன்றாகப் பேசப்படுகிறதாம். பிறகு: “நான் அன்னைக்கு உங்ககிட்டச் சொல்லியிருக்கணும், நிங் டீச்சர்.”

“நானும் கேட்டிருக்கணும், சார்” என்றேன். அடுத்த ஆண்டு என்னால் வர முடியாது என்பதையும் சொன்னேன். முடிவை மாற்றச் சொல்லி அவர் வாதாடவில்லை.

ஜூலை 17, வெள்ளி

ஏழாவது ஏழு. நாற்பத்தொன்பதாம் நாள். அஸ்திக் கூடத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். வெயில் கொளுத்தியது. இரும்புத் தொட்டியில் இறந்தவருக்கான காகிதப் பணத்தை ஒவ்வொன்றாகப் போட்டு எரித்தாள். என்னைப் போட விடவில்லை.

அப்பாவிடம் சத்தமாகப் பேசினாள், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. “உனக்குத் தெரிஞ்சிருந்துச்சாம்ல? உன் பொண்ணு சொல்றா. தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னு நீ நடிச்ச, உன் மனசு நோகக் கூடாதுன்னு அதுங்க நடிச்சுது. நான் ஒருத்திதான் நடிக்காதவ. நான்தான் முட்டாள். கேட்டுக்கோ, நீ போன அன்னைக்கு நாலு ஆட்டம் ஜெயிச்சேன். நானே சொல்லிட்டேன். வேற யாராவது வந்து சொல்றதுக்கு முன்னாடி.”

அண்ணன் வந்திருந்தான். தூணருகே நின்றான். அம்மா கூப்பிட்டதும் வந்து மூன்று முறை வணங்கினான். 

ஜூலை 21, செவ்வாய்

அம்மாவின் புதிய பரிசோதனை முடிவுகள். அண்ணனும் வந்தான், கார் அவனுடையது. இதயப் பிரிவில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் இளைஞர், கனிவான முகம். படங்களை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துப் புன்னகை செய்தார். “பாட்டி, நீங்க இங்கயே உக்காந்திருங்க” என்றார். எங்கள் பக்கம் திரும்பி, “குடும்பத்துல ஒருத்தர் மட்டும் கொஞ்சம் வெளிய வாங்க” என்றார்.

அண்ணன் பழக்கத்தில் எழுந்துவிட்டான். நானும் பாதி எழுந்திருந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

அம்மா அவனுடைய சட்டை நுனியைப் பிடித்தாள்.

“உக்காரு” என்றாள். “டாக்டர் தம்பி, எனக்குக் காது நல்லாக் கேக்கும். இங்கயே சொல்லுங்க.”

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

டாக்டர் புன்னகையை எடுத்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். அம்மா பைக்குள் கண்ணாடியைத் தேடினாள்.